பெண் பார்க்க வந்தவர் அழித்த கெர்னல்

என் வாய் பொல்லாத வாய். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அம்மா சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்டது. தப்பாக ஒன்று காதில் விழுந்தால் அதைத் திருத்தாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. இந்த வாயால் இரண்டு வரன்கள் போயின என்பது அம்மாவின் குற்றச்சாட்டு. மூன்றாவதாக ஒரு வரன் போனது. அது வாயால் போகவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் இரண்டையும் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் அம்மா மேல் யாருக்கும் கோபம் வராது. முதல் வரன் எங்கள் கூடத்தில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, கிளவுட் என்றால் சர்வரே கிடையாது, எல்லாம் காற்றிலேயே இருக்கும் என்று அப்பாவுக்குப் பாடம் நடத்தினான். நான் சிரித்தேன். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். "காத்துல இல்லை, அம்பத்தூர்ல ஒரு கட்டடத்துல சர்வரா இருக்கு" என்றேன். இரண்டாவது வரனின் தகப்பனார், கோட்டூர்புரம் பாலத்தைத் தாண்டி வரும்போது கூவம் எப்படி நாறுகிறது என்று மூக்கைப் பிடித்து நடித்துக் காட்டினார். "மாமா, அது அடையாறு" என்றேன். ஒரு ஆற்றின் பெயரைச் சரியாகச் சொன்னதற்காகக் கல்யாணம் நின்றுபோகுமா? நின்றுபோனது. பெண் கொஞ்சம் ஓவராகப் பேசுகிறாள் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள்.

அதனால் மூன்றாவது வரன் வரவிருந்த சனிக்கிழமை காலையில் அம்மா என்னை சுவாமி அலமாரிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இன்னிக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள். யார் என்ன தப்பாச் சொன்னாலும் நீ வாயைத் திறக்கப்படாது. கேட்டாத்தான் பதில். அதுவும் ஒரு வார்த்தை. என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணு."

"வேலையைப் பத்திக் கேட்டா?"

"ஐ.டி.ன்னு சொல்லு, போறும். உன் பிரதாபத்தையெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் அவுத்து விட்டுக்கலாம். தவளை தன் வாயால கெடும்டி."

சண்டை போட வாயெடுத்தேன். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கபாலி கோவில் பிராகாரத்தில் தெரிந்த மாமிகள் எதிரே வந்தால் அம்மா வேறு பக்கமாகச் சுற்ற ஆரம்பித்திருந்தாள். அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் அவள் தலையில் கை வைத்தேன். அப்பாவுக்கும் ஒரு தடை உத்தரவு இருந்தது. என் பெண் இப்படி, என் பெண் அப்படி என்று அவர் பீற்றிக்கொள்ளக் கூடாது.

பீற்றிக்கொள்ள அப்படி என்ன இருக்கிறது என்றால், ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவை நின்றால் என் போன் அலறும். அவை ஒழுங்காக ஓடும்வரை நான் ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. இந்த வேலையில் அடிக்கடி வரும் தலைவலி பழைய கெர்னல்கள். கெர்னல் என்பது இயங்குதளத்தின் நடுமையம். கணினியைப் போட்டவுடன் அதுதான் முதலில் எழுந்து மற்றதையெல்லாம் எழுப்பும். மேம்படுத்தும்போது புதுக் கெர்னல் வந்து இறங்கும். புதியது மக்கர் பண்ணினால் கை கொடுக்கட்டும் என்று பழையதும் அப்படியே இருக்கும். புதுக் குக்கர் வாங்கினாலும் பழையதைத் தூக்கிப் போட மனம் வராமல் பரணில் ஏற்றுகிறோமே, அந்த மாதிரி. ஒரு நாள் பரண் நிரம்பிவிடும். அப்போது வேண்டாததைத் தேடி அழிக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுவோம். கையால் ஒவ்வொன்றாக அடிக்க வேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைப்பது, அவ்வளவுதான்.

என் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றி அப்பாவிடம் கொடுத்திருந்தேன். குடியிருப்போர் சங்கத்துக் கடிதங்களை அதில்தான் அடிப்பார். ஏற்றின அவசரத்தில் கெர்னல்களுக்கான இடத்தைக் குறுகலாக ஒதுக்கிவிட்டேன். அந்தப் பரணும் நிரம்பியது. ஒரு மாதமாக, இடம் இல்லை என்று திரையில் ஒரு மஞ்சள் பெட்டி எட்டிப் பார்த்தது. "மஞ்சப் பெட்டி வந்துண்டே இருக்கு, கொஞ்சம் பாரேன்" என்று அப்பா கேட்பார். நாளைக்கு, நாளைக்கு என்பேன். ஊர் சர்வரெல்லாம் பளபளவென்று இருக்கும், வீட்டு மடிக்கணினி இந்த லட்சணம்.

அவர்கள் தாமதமாக வந்தார்கள். மெட்ரோவுக்காகத் தெருவையெல்லாம் தகரம் வைத்து அடைத்திருந்ததில் சுற்றிச் சுற்றி வந்ததாகச் சொன்னார்கள். அவர், அவருடைய அம்மா, அக்காவின் கணவர் என்று மூன்று பேர். வீடு திருவான்மியூர். அக்கா கணவர், நாங்கள் அத்திம்பேர் என்போமே, அவர் வாய் ஓயாத ஆசாமி. வந்து உட்கார்ந்ததும் "எங்க மச்சினன் லினக்ஸ்ல புலி" என்று ஆரம்பித்தார். புலி கூச்சத்தோடு கேசரியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஏன் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. சாப்பிட்ட தட்டை அவரே எடுத்துக்கொண்டு போய் சமையலறைத் தொட்டியில் போட்டார். அம்மா பதறிப்போய், "ஐயோ, நீங்க வையுங்கோ" என்றதற்கு, "எங்காத்துல இப்படித்தான் மாமி, இல்லேன்னா அம்மா உதைப்பா" என்றார். பெண் பார்க்க வந்த வீட்டில் தட்டை எடுத்தவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

தனியாக இரண்டு வார்த்தை பேசட்டும் என்று அத்திம்பேர் எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினார். கொடியில் பக்கத்து வீட்டுப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. கபாலி கோவில் கோபுரத்துக்குப் பக்கத்தில் மெட்ரோவின் பெரிய கிரேன் நின்றது.

"இந்த மெட்ரோ முடியறதுக்குள்ள நமக்கெல்லாம் கல்யாணம் ஆயிடுமா?" என்றார்.

சிரித்தேன். சிரிக்கக் கூடாது என்று சத்தியத்தில் இல்லை.

"நீங்க என்ன வேலை பார்க்கறேள்?"

"ஐ.டி. சப்போர்ட்."

"அவ்வளவுதானா? பேசவே மாட்டேங்கறேளே."

"பேசுவேன்."

"எனக்கு நன்னாப் பேசறவாளைத்தான் பிடிக்கும். எங்காத்துல ஒருத்தருக்கும் வாயே கிடையாது. கோவம் வந்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பா. எது தப்புன்னு கண்டுபிடிக்கவே ரெண்டு நாள் ஆகும். அத்திம்பேர் வந்தப்புறம்தான் ஆத்துல சத்தமே கேக்கறது."

என் நெஞ்சுக்குள் ஒரு ஊர்வலமே கிளம்பியது. அட கடவுளே, நன்றாகப் பேசுகிற பெண்ணைத் தேடித்தான் இந்த மனிதர் வந்திருக்கிறார், நானோ வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறேன்! கல்யாணம் முடிவாகட்டும், அப்புறம் பேசிப் பேசியே இவர் காதைச் செவிடாக்கிவிடலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இந்த வரன் எனக்கு வேண்டும். அதுவரை எந்த வரனையும் அப்படி நினைத்ததில்லை.

கீழே இறங்கி வந்தபோது அப்பா மடிக்கணினியோடு தயாராக இருந்தார். புலி என்று கேட்ட பிறகு அவர் சும்மா இருப்பாரா?

"இவளும் கம்ப்யூட்டர்தான். ஆனா ஆத்து கம்ப்யூட்டருக்கு இவளுக்கு நேரம் கிடையாது. இந்த மஞ்சப் பெட்டியைக் கொஞ்சம் என்னன்னு பாருங்கோளேன்."

அவர் பார்த்தார். "பழைய கெர்னலா சேர்ந்து போயிருக்கு மாமா. எங்கிட்ட ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு. அரை நிமிஷ வேலை" என்று சொல்லி, இணையத்தில் தான் சேர்த்து வைத்திருந்த இடத்திலிருந்து அதை இறக்கினார். நான் எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு வெறும் தட்டோடு அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஓட விடுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்ப்பதற்காகத் திரையில் திறந்தார். நல்ல பழக்கம். நானும் படித்தேன். அழகாக எழுதியிருந்தார், ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே அது எதற்கு என்று ஒரு வரி விளக்கம். அதுகூட எனக்குப் பிடித்தது.

ஆனால் அந்த ஸ்கிரிப்ட் செய்தது இதுதான்: இருக்கிற கெர்னல்களை வரிசைப்படுத்தி, ஆகப் புதியதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் கேள்வி கேட்காமல் அழிப்பது. இப்போது எது ஓடிக்கொண்டிருக்கிறது என்று அது கேட்கவே இல்லை. எங்கள் வேலையில் அரிச்சுவடியே அந்தக் கேள்விதான். அதற்கென்று ஒரு குட்டிக் கட்டளை இருக்கிறது. ஓடுவதைத் தெரிந்துகொண்டு அதை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்றதில் கை வைப்போம். அவருடைய அலுவலகக் கணினிகளில் எப்போதும் புதியதுதான் ஓடியிருக்கும், தப்பித்திருப்பார். எங்கள் வீட்டுக் கதை வேறு. இடம் இல்லாமல் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. கடைசியாக வந்த கெர்னல் பாதிதான் இறங்கியிருக்கும். புதுக் குக்கர் மூடி இல்லாமல் வந்திருக்கிறது. அது தெரியாமல் அடுப்பில் இருக்கிற குக்கரை எடைக்குப் போடப் போகிறார்.

"இருங்கோ" என்று ஒரு வார்த்தை. அது போதும். அது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நிமிர்ந்தால், சமையலறை வாசலில் அம்மா. என் முகத்தைப் படிக்கத் தெரிந்தவள். திருத்தப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாக வலது கையைத் தூக்கித் தன் தலை மேலேயே வைத்துக்கொண்டாள்.

அவர் எண்டரைத் தட்டினார்.

அப்படி அழித்தால் உடனே ஒன்றும் ஆகாது. ஓடுகிற கெர்னல் நினைவகத்தில் உயிரோடு இருக்கும். அணைத்துத் திரும்பப் போட்டால்தான் குட்டு வெளிப்படும். மஞ்சள் பெட்டி மறைந்ததும் அப்பா "பலே!" என்று கை தட்டினார். அத்திம்பேர், "புலின்னேனே, கேட்டேளா?" என்றார். அந்த நேரத்தில்கூடக் காப்பாற்றியிருக்கலாம். பாதி இறங்கியதை முழுசாக இறக்க ஒரு கட்டளை போதும், இப்போதுதான் இடம் இருக்கிறதே. "எதுக்கும் ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிடறேன் மாமா" என்றார் அவர். அம்மாவின் கை தலையிலேயே இருந்தது. என் தலைக்குள் ஒரு பிசாசு கூவம், அடையாறு என்று இரண்டு ஆறுகளின் பெயர்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

கறுப்புத் திரை வந்தது. அதில் வெள்ளையாகச் சில வரிகள் ஓடி நின்றன. அப்புறம் ஒன்றும் இல்லை.

மறுபடி போட்டார். மறுபடியும் அதே. பழைய கெர்னலில் நுழையலாம் என்று பட்டியலைத் திறந்தார்; பட்டியலில் அந்த மொட்டைக் கெர்னல் ஒன்றுதான் இருந்தது.

"என்னடா, புலி பதுங்கறதா?" என்றார் அத்திம்பேர்.

புலியின் காது மடல் சிவந்துபோயிற்று. நெற்றியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். "பென்டிரைவ் இருந்தா அதுலேர்ந்து கிளப்பிச் சரி பண்ணிடலாம் மாமா... கொண்டு வரலை" என்றார். பெண் பார்க்க வருகிறவன் பென்டிரைவோடு வருவானா? ஆனால் பெண்ணிடம் இருந்தது. என் கைப்பையில் எப்போதும் ஒன்று இருக்கும், அதற்கென்றே தயார் செய்து வைத்தது. அந்தப் பை அவர் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா தன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரி மாமா. உங்க லெட்டர் ஒண்ணும் போகாது, எல்லாம் பத்திரமா இருக்கும். நாளைக்கே வந்து சரி பண்ணிக் கொடுத்துடறேன்" என்றார். போகிறபோது என்னைப் பார்த்த பார்வையில் வெட்கம்தான் இருந்தது.

அவர்கள் போனதும் நான் ஒரு வெடி வெடித்தேன். "எனக்குத் தெரியும்! அவர் தொடறதுக்கு முன்னாடியே தெரியும்! உன்னாலதான்!" அம்மா அசரவில்லை. "நாளைக்குத் தானா வரேன்னு சொல்லிட்டுப் போறான் பாத்தியா? நீ வாயைத் திறந்திருந்தா வருவானா?" என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அப்பா பாவம், திங்கட்கிழமை கூட்டத்துக்குக் கடிதம் அடிக்க வேண்டும் என்று கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து பென்டிரைவை எடுத்து, பத்தே நிமிஷத்தில் சரி பண்ணிவிட்டுத்தான் புடவையையே மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அதை மறுபடியும் கெடுத்து வெச்சுடேன்."

"என்னது?"

"அவன் வந்து சரி பண்ணட்டுமே. நேத்திக்குப் பட்ட அவமானம் போயிடும்."

"நான் என்ன வேலை பார்க்கறேன்னு உனக்குத் தெரியுமா? ஓடற மிஷினைக் கெடுக்கறதா என் வேலை?" என்று கத்தினேன். இப்போது யோசித்தால், அவள் சொன்ன யோசனைகளிலேயே அதுதான் கொஞ்சம் உருப்படி.

அவர் தனியாகத்தான் வந்தார். தெருமுனையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, கையில் பென்டிரைவோடு. வழியெல்லாம் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். அம்மா முகம் மலர்ந்தது. அப்பாவுக்குத் தடை உத்தரவு மறந்துபோயிற்று.

"வாங்கோ, வாங்கோ! நீங்க சிரமப்படவே வேண்டாம். நேத்திக்கே இவளே பண்ணிட்டா. பத்து நிமிஷம்! இவ ஆபீஸ்ல இதான் இவ வேலை."

அவர் திரையைப் பார்த்தார். சங்கத்துக் கடிதம் பாதி அடித்தபடி இருந்தது. "ஓ, நல்லது மாமா" என்றார். உட்காரவில்லை. காப்பி வேண்டாம் என்றார். அம்மா என்னை வாசல் வரை போய்விட்டு வரச் சொன்னாள்.

படியிறங்கிப் போனோம். வாசல் கேட் பக்கத்தில் நின்றார்.

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"எது?"

"அந்த ஸ்கிரிப்ட் தப்புன்னு. ரீஸ்டார்ட் ஆகலைன்னதும் தெரிஞ்சுதா?"

அங்கேயாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அது வராது.

"நீங்க திறந்து காமிச்சப்போவே."

"ஓட விடறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமாம்."

அவருக்குக் கோபம் வந்திருந்தால் தேவலை. வரவில்லை. "நேத்திக்கு ராத்திரி தூக்கமே இல்லை எனக்கு. உங்கப்பா மிஷினைக் கெடுத்துட்டோமே, எல்லார் எதிர்லயும் அசடு வழிஞ்சோமேன்னு. நீங்க பின்னாடியே நின்னு பார்த்துண்டு இருந்திருக்கேள்" என்றார். அப்புறம், "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்க" என்றார்.

எல்லாம் சொல்ல வேண்டும் போல இருந்தது. சத்தியத்தை, அம்மாவின் கண்ணை, அம்பத்தூரை, அடையாற்றை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க வாயடித்தே வளர்ந்தவளுக்கு அந்தக் கேட்டருகே ஒரு சொல் கிடைக்கவில்லை. அதற்குள் முனையிலிருந்து ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார்.

"இன்னா சார், வர்றியா இல்லியா? எனுக்கு வேற சவாரி கீது."

அவர் பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அந்த வாரக் கடைசியில் அவருடைய அம்மா போன் செய்தாள். ஜாதகத்தை இன்னொரு ஜோசியரிடம் காட்டினார்களாம், பொருத்தம் சரியாக அமையவில்லையாம். எங்களவர்கள் 'வேண்டாம்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள். அம்மா "அதனால என்ன மாமி, பகவான் சித்தம்" என்று சொல்லி வைத்துவிட்டு, போனைப் பார்த்தபடியே நெடுநேரம் நின்றாள். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டு அழுதேன்.

அதற்கப்புறம் இன்னும் சில வரன்கள் வந்தன. நான் யார் தலையிலும் கை வைக்கவில்லை. என் இஷ்டத்துக்குப் பேசினேன், அவர்களும் போனார்கள். அவர்கள் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் எழுதுகிற ஸ்கிரிப்டை அவர்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, தப்பு என்றால் அந்த நொடியே கத்திவிடுகிறேன். "அக்கா, கொஞ்சம் மூச்சு விட விடுங்க" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்துகொள்ளட்டும்.

போன வாரம் மறுபடியும் அந்த மஞ்சள் பெட்டி வந்தது. அப்பா கூப்பிட்ட உடனே போய் உட்கார்ந்தேன். எது ஓடுகிறது என்று முதலில் கேட்டு, அதை ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றதை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன். அம்மா பீன்ஸ் கூடையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து நார் உரித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். அந்த ஆளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. திருவான்மியூர் என்ற ஊரின் பெயரைக்கூட அம்மா சொல்லாமல் சமாளித்துவிடுவாள்.

"ஏண்டி" என்றாள்.

"என்னம்மா?"

"ஸ்கூல் போற நாள்லேர்ந்து எத்தனை சொல்லியிருக்கேன் உனக்கு. ஒண்ணாவது கேட்டிருக்கியா? தலையை வாரிக்கோன்னா மாட்டே. மெதுவாப் பேசுன்னா மாட்டே." கையில் இருந்த பீன்ஸை ஒடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு மட்டும் ஏண்டி நான் சொன்னதைக் கேட்டே?"